கேரளத்தில் நிலத்தடியில் போன உயர்மின் பாதை கொங்கு மண்டலத்தில் மட்டும் ஏன் கோபுரத்தில்?

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு வரும் பாதையும், அங்கிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் பாதையும் வேறு வேறு. முதலாவது 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட்; அந்த அளவுக்கு நிலத்தடிக் கேபிள் போடுவது அன்று நடைமுறையில் இல்லை. இரண்டாவது 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். அதிலும் கேரளத்துக்குள் வடக்கஞ்சேரி முதல் மாடக்கத்தரை வரைதான் கேபிள்; மீதி கோபுரம்தான். ஆக, "திருச்சூர் பாதையைத் தமிழகப் பகுதியிலும் புதைக்கலாமே" என்ற விவசாயிகளின் கேள்வி நியாயமானது. முக்கியத் தடை செலவு.

இந்தக் கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் நடத்திய 2018 போராட்டத்தின்போது அன்றைய தமிழக மின்துறை அமைச்சர் தங்கமணி திட்டத்தை ஆதரித்தார். அன்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக விவசாயிகள் பக்கம் நின்றது. ஆனால் கட்சி ஆதரவு பாதையை நிறுத்தாது. மின்சாரச் சட்டம் 2003-இன் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்ட அதிகாரத்தை, பாதை அமைக்கும் நிறுவனத்துக்கு அரசு தர வழி செய்கிறது. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை போன்ற உயரமான மரங்களை வளர்க்க முடியாது!

பலர் சறுக்குவது இங்கேதான்: நிறுவனத்தார் நிலத்தில் நுழைவதைத் தடுத்தால், தந்திச் சட்டத்தின் 16(1)-இன்படி ஆட்சியர் அவர்களுக்கு அனுமதி கொடுக்கலாம். இழப்பீடு போதாது என்றால் 16(3)-இன்படி மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும். மரக் கணக்கெடுப்புப் பட்டியலை எண்ணிச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.