ஒரு ரவுட்டர், ஒரு பிரிண்டர், வீடு நிறைய ஆட்கள்: கேள்வி பதில்

வீட்டு வைஃபையையும் பிரிண்டரையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளில், அடிக்கடி கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புதிதாக நெட் வந்திருக்கிறது. இரண்டு லேப்டாப், நாலு போன், ஒரு பிரிண்டர். எங்கே தொடங்குவது?

ரவுட்டரை வைக்கும் இடத்தில். கேபிள் நுழைந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குப் பக்கத்திலோ அதை ஒளித்துவைத்துவிட்டு, சிக்னல் வரவில்லை என்று புலம்புபவர்கள்தான் அதிகம். வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரமாக, மறைப்பு இல்லாமல் வையுங்கள். அப்புறம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் அடித்து உள்ளே போய் இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஆமாம், இரண்டு. வைஃபையில் சேருவதற்கு ஒன்று, ரவுட்டரின் அமைப்புகளைத் திறப்பதற்கு இன்னொன்று. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.

கேள்வி: லேப்டாப்பில் தெரியும் வைஃபை பெயர் பிரிண்டரின் பட்டியலில் வரவே இல்லை. பிரிண்டர் பழுதா?

பழுதாக இருக்காது. பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், நீங்கள் தேடுவது 5 கிகாஹெர்ட்ஸ் பெயராக இருக்கும். ரவுட்டரில் 2.4-ஐயும் இயக்கிவிட்டு பிரிண்டரை அதில் சேர்த்துவிடுங்கள், லேப்டாப் 5-லேயே இருக்கலாம். இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்தான் என்பதால் அச்சடிக்கத் தடை ஒன்றும் இல்லை.

கேள்வி: அண்ணா, பிரிண்டர் இரண்டு வாரம் நன்றாக ஓடுகிறது, திடீரென்று 'ஆஃப்லைன்' என்கிறது. அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிறது. எத்தனை முறைதான் சேர்ப்பது?

இந்தத் தொல்லையை நானும் மாதக்கணக்கில் பட்டிருக்கிறேன், பிரிண்டரைத் திட்டியும் இருக்கிறேன், ஆனால் தப்பு அதன் மேல் இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. பிரிண்டரைச் சில நாள் அணைத்துவைத்தாலோ ரவுட்டர் நின்று மறுபடி ஓடினாலோ அந்த எண் வேறு கருவிக்குப் போய்விடலாம். உங்கள் கணினியோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வாடகை வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்ட கதைதான்.

ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) பகுதியில் 'முகவரி ஒதுக்கீடு' போன்ற ஒரு வசதி இருக்கும். அங்கே பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து ஒரு எண்ணை அதற்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அதன்பிறகு கணினியில், தானாகத் தேடவிடாமல், அந்த ஐபி எண்ணைக் கொடுத்து பிரிண்டரைச் சேர்த்துவிடுங்கள். சிலர் ரவுட்டரைத் தொடாமல் பிரிண்டரின் மெனுவிலேயே ஏதோ ஒரு எண்ணை அடித்துவிடுவார்கள். அதே எண்ணை ரவுட்டர் வேறொரு போனுக்குக் கொடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும், அப்போது காரணம் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கேள்வி: விருந்தினருக்குக் கெஸ்ட் வைஃபை கொடுத்தேன். அவர்களால் அச்சடிக்க முடியவில்லையே?

கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே அதுதான். நெட் மட்டும் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியாது. கோப்பை உங்களுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே அச்சடித்துக் கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டர். தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். ஒரு கணினியில் செருகி அங்கிருந்து பகிரலாம், ஆனால் மற்றவர்கள் அச்சடிக்கும்போதெல்லாம் அந்தக் கணினி விழித்திருக்க வேண்டும். சில ரவுட்டர்களில் யுஎஸ்பி துளை இருக்கும், அது பிரிண்டரை ஏற்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் அது பென் டிரைவுக்கு மட்டும்.

கேள்வி: மாடியில் சிக்னல் இல்லை என்று இன்னொரு ரவுட்டர் வைத்தேன். நெட் வருகிறது, ஆனால் கீழே உள்ள பிரிண்டர் மாடியில் தெரியவில்லை.

நீங்கள் தெரியாமலேயே வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் கட்டிவிட்டீர்கள். இரண்டாவது ரவுட்டரும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் அமைப்புகளில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறை (தானே முகவரி கொடுக்காமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்புவது) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால், முதலில் அதன் சொந்த ஐபி முகவரியைக் கீழே உள்ள ரவுட்டரின் எண் வரிசையில் வேறு எந்தக் கருவிக்கும் போகாத ஒரு எண்ணாக மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை வேன் (WAN, வெளி நெட் வரும்) துளையில் இல்லாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். கேபிள் இழுக்க முடிந்தவர்களுக்கு வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டரை நான் சொல்லவே மாட்டேன். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகக் குறையும்.

கேள்வி: நெட் போய்விட்டால் அச்சடிக்க முடியுமா?

முடியும். ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், கோப்பு வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். கிளவுட் (இணையத்தில் உள்ள நிறுவன சர்வர்) வழியாக மட்டும் அச்சடிக்கும் பிரிண்டர் என்றால் காத்திருக்க வேண்டியதுதான்.