ஸ்டாண்டர்டு எஸ்கியூஎல் என்று ஒன்று இருக்கும்போது டேட்டாபேஸ் மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேள்வி இதுதான்: "எஸ்கியூஎல்லுக்கு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு இருக்கிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் எல்லாமே அதற்கு இணங்குவதாகச் சொல்கின்றன. அப்படியானால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது சுலபம்தானே?"

இல்லை. சுலபம் இல்லை.

நீங்கள் கேட்ட தொனியைப் பார்த்தால், யாரோ மேலதிகாரி "ஸ்டாண்டர்டுதானே, அடுத்த வாரத்துக்குள் மாற்றிவிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் இந்தப் பதிலை அவருக்கும் அனுப்புங்கள். கல்லூரி அசைன்மென்ட்டுக்காகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும், இது உங்களுக்குத் தேவையானதைவிட நீளமாகத்தான் இருக்கும். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

முதலில் அடிப்படை. எஸ்கியூஎல் என்பது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கவும் மாற்றவும் எழுதும் மொழி; மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் எல்லாம் அந்த மொழி புரிந்த டேட்டாபேஸ் மென்பொருள்கள். எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டு 1986-ல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியில் வந்தது, மறு வருடம் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அதை ஏற்றுக்கொண்டது. 1992 பதிப்பில் என்ட்ரி, இன்டர்மீடியட், ஃபுல் என்று படிகள் இருந்தன. 1999-ல் அந்தப் படிகளை எடுத்துவிட்டு, 'கோர்' என்று ஒரு கட்டாயப் பகுதியும் அதற்கு மேல் விருப்பப் பகுதிகளும் வைத்தார்கள். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. கடைசியாக வந்தது 2023 பதிப்பு.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இப்போது யாரும் யாரையும் பரிசோதிப்பதில்லை என்பது. 1996 வரை அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு டேட்டாபேஸ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு "நாங்கள் இணங்குகிறோம்" என்பது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வதுதான். போஸ்ட்கிரெஸ்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள்: 2023 கோர் பகுதியின் 177 கட்டாய வசதிகளில் குறைந்தது 170 எங்களிடம் உண்டு, முழுதாக நிறைவேற்றிய டேட்டாபேஸ் இப்போதைக்கு எதுவுமே இல்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 177-ல் 170 வாங்கியவர் வகுப்பில் முதல் மாணவர்தான். ஆனாலும் அந்த மீதி ஏழு இருக்கிறதே!

இனி என் கதை. நான் மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் இங்குள்ள ஒரு சேமிப்புச் சங்கம் (பெயர் வேண்டாம், தீவு சின்னது) தன் உறுப்பினர் கணக்கைப் பழைய மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்ற டெண்டர் விட்டது. படிவத்தில் ஒரு வரி: "எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டுக்கு முழுமையாக இணங்குகிறதா? ஆம் / இல்லை." நான் "இல்லை, பகுதியாக" என்று எழுதி, எங்கெங்கே வித்தியாசம் வரும், அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இரண்டு பக்கம் இணைத்தேன். எங்கள் போட்டியாளர் "ஆம்" என்று டிக் போட்டார். வேலை அவருக்குப் போனது. அவர் சொன்ன தொகையும் குறைவு, சோதனைக்கு நேரமே ஒதுக்காவிட்டால் தொகை குறையத்தானே செய்யும்.

மாற்றிய அன்று ஒரு பிரச்சினையும் இல்லை. கத்துகிற பிழைகளையெல்லாம் அவர்கள் ஒழுங்காகவே திருத்தியிருந்தார்கள். மைஎஸ்கியூஎல் பெயர்களைச் சுற்றிப் போடும் அந்தச் சாய்ந்த ஒற்றைக் குறியைப் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, உடனே பிழை காட்டும். வெற்று மதிப்புக்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கும் 'இஃப்நல்' என்ற ஃபங்ஷன் கிடையாது, உடனே பிழை. 0000-00-00 என்று பழைய டேபிளில் கிடந்த தேதிகளை உள்ளேயே விடாது. இதெல்லாம் நல்ல பிழைகள், ஏனென்றால் நம்மை எழுப்பிவிடுகின்றன.

கத்தாதவைதான் ஆளைக் கொல்லும். எங்கள் தீவில் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் பதிவாகும். பிள்ளை, செட்டி, அப்பாசாமி எல்லாம் ரோமன் எழுத்தில். முதல் பெயராக ஆந்த்ரே, ரெனே என்று வைத்திருப்பவர்களும் நம்மில் நிறைய உண்டு. ஆந்த்ரேயின் கடைசி எழுத்துக்கு மேல் பிரெஞ்சுக் குறியை ஒரு குமாஸ்தா போடுவார், இன்னொருவர் போடமாட்டார். ஒருவர் முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும். பழைய மைஎஸ்கியூஎல்லில் இது யாருக்கும் உறைக்கவே இல்லை. அதன் இயல்பான ஒப்பீட்டு விதி, அதாவது எந்த எழுத்தும் எந்த எழுத்தும் ஒன்று, எது முன்னே என்று முடிவு செய்யும் விதி, 'லத்தீன்1 ஸ்வீடிஷ்' என்பது (மைஎஸ்கியூஎல் பிறந்தது ஸ்வீடனில்). அது பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, அந்த மேல்குறியையும் கண்டுகொள்ளாது. மொரீஷியஸ் தமிழரின் பிரெஞ்சுப் பெயரை இத்தனை வருடம் ஒரு ஸ்வீடிஷ் விதிதான் காப்பாற்றிவந்திருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். கவுன்டரில் உறுப்பினர் வந்து நிற்கிறார், குமாஸ்தா பெயரை அடித்துத் தேடுகிறார், ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வார்கள்? புதிதாகப் பதிவு செய்வார்கள். பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து இரண்டாவது முறை வரக்கூடாது என்று டேபிளில் கட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடும் அதே ஒப்பீட்டு விதியைத்தான் பயன்படுத்தும், அதனால் இரண்டும் வேறு ஆட்கள் என்று உள்ளே விட்டது. சந்தா ஒரு பதிவில், கடன் இன்னொரு பதிவில். ஒரு பிழைச் செய்தி கிடையாது.

இதில் ஸ்டாண்டர்டை மீறியது யார் என்றால், யாரும் இல்லை. இயல்பான ஒப்பீட்டு வரிசை எது என்பதை ஸ்டாண்டர்டு டேட்டாபேஸ் எழுதுகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 'இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்ட்' என்ற அந்தச் சொற்றொடர் அந்த ஆவணம் முழுக்க வருகிறது. படிக்கிறவர் அதில்தான் கண் வைக்க வேண்டும்.

இன்னொன்று. பாக்கி வைத்திருப்பவர் பட்டியலைக் கடைசியாகப் பணம் கட்டிய தேதியின்படி பழையது முதலில் என்று வரிசைப்படுத்தி, முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்து வசூலிப்பவரிடம் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். ஒருமுறைகூடக் கட்டாதவர்களுக்குத் தேதி நல், அதாவது வெற்று. மைஎஸ்கியூஎல் நல்லை முதலில் வைக்கும், போஸ்ட்கிரெஸ் கடைசியில் வைக்கும். மாற்றிய பிறகு, ஒரு ரூபாயும் கட்டாதவர்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குப் போய் நிம்மதியாக இருந்தார்கள். இதையும் ஸ்டாண்டர்டு இருவர் விருப்பத்துக்கும் விட்டிருக்கிறது. 'நல்ஸ் ஃபர்ஸ்ட்' என்று எழுதிச் சொல்ல 2003-லிருந்து வழி உண்டு, ஆனால் அது விருப்பப் பகுதி, மைஎஸ்கியூஎல்லில் கிடையாது. (வரிசை என்பது எங்கள் ஊரில் லேசான சமாச்சாரம் இல்லை. 1998-ல் வந்த புது ரூபாய் நோட்டில் தமிழைத் தேவநாகரிக்குக் கீழே இறக்கியதற்குத் தமிழர் எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கி, பழைய வரிசையில் புதிதாக அச்சடித்தார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் 'ஆர்டர் பை' என்ற வரிசைக் கட்டளைக்கும் காட்டியிருக்கலாம்.)

மூன்றாவது வகுத்தல். இரண்டு முழு எண்களை வகுத்தால், ஐந்தை இரண்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள், மைஎஸ்கியூஎல் இரண்டரை என்கும், போஸ்ட்கிரெஸ் இரண்டு என்கும். வகுத்தல் விடையில் எத்தனை தசம இடம் என்பதும் அதே 'விருப்பம்' கணக்கில்தான். வருடக் கடைசியில் பங்குத் தொகை பிரித்தபோது ஆளாளுக்குச் சில்லறை குறைந்தது. முதலில் சந்தேகப்பட்டது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், கையால் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். என் இரண்டு பக்க இணைப்பு அவர்கள் கோப்பிலேயே இருந்தது. மூன்று விஷயமும் அதில் இருந்தன. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான்.

கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன். நான் போஸ்ட்கிரெஸுக்கு எதிரி இல்லை, தினமும் அதில்தான் வேலை. அது மட்டும் என்ன சுத்தமா? மேற்கோள் குறி இல்லாத பெயர்களைப் பெரிய எழுத்தாக்க வேண்டும் என்கிறது ஸ்டாண்டர்டு, போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்குகிறது. ஆரக்கிள் எழுத்து ஒன்றும் இல்லாத சரத்தையும் மதிப்பே இல்லாத நல்லையும் ஒன்றாகவே நினைக்கிறது, அது பச்சையான மீறல், பழைய வாடிக்கையாளர்களுக்காக மாற்றவும் முடியவில்லை. மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள், மதிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற 'செக்' கட்டுப்பாட்டை எழுதினால் பணிவாக வாங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். அதிலேயே இரட்டைச் செங்குத்துக் கோடு (||) போட்டு முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒட்டினால் வருவது பூஜ்யம், ஏனென்றால் அதன் இயல்பான அமைப்பில் அந்தக் குறிக்கு 'அல்லது' என்று அர்த்தம். மைஎஸ்கியூஎல் பக்கம் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வருக்குப் போகிறீர்கள் என்றால், எங்களைப் போலப் பிரெஞ்சு புழங்கும் இடங்களுக்கு ஒரு தனிப் பரிசு உண்டு. லாகினின் மொழி பிரெஞ்சு என்று இருந்தால், பழைய 'டேட்டைம்' வகையில் 2016-03-04 என்று எழுதுவதை அது வருடம், நாள், மாதம் என்று படிக்கும். மார்ச் நாலு ஏப்ரல் மூன்றாகிவிடும். நாள் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் பிழை காட்டும். 'டேட்' வகையில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் தேதியை 'காஸ்ட்' செய்து, அதாவது வகை மாற்றி, 'டேட்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் ஓடும்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் எஸ்கியூஎல் இணக்கம் பற்றித் தனிப் பின்னிணைப்பே இருக்கிறது, உள்ளது எது, இல்லாதது எது என்று குறியீட்டு எண்ணோடு. டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே தகவல் வைத்திருக்கும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வில் 'எஸ்கியூஎல் ஃபீச்சர்ஸ்' என்ற டேபிளாகவும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். (ஆரக்கிளில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவே கிடையாது.) ஆனால் மேலே சொன்ன மூன்று தொல்லையில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் தெரியாது, ஏனென்றால் வசதி இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. அதற்கு ஒரே வழி: உங்கள் முக்கியமான ரிப்போர்ட்டுகளைப் பழையதிலும் புதியதிலும் ஒரே தரவின் மேல் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுவது. முக்கியமாகப் பெயர் தேடல், வரிசை, வகுத்தல், வெற்று மதிப்பு, தேதி. மேலதிகாரி நேரம் கொடுக்கவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், எழுத்தில்.

தமிழ் எழுத்திலேயே தரவு வைத்திருப்பவர்களுக்கு: யூனிகோட் எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடும், 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்து. அகராதி வரிசை வேண்டுமானால் போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் ஒப்பீட்டைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் தானாக வரும் என்று நம்ப முடியாது.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று. நான் இங்கே எதை எழுதினாலும் கீழே நாலு பேர் வந்து "மொரீஷியஸிலிருந்து இவ்வளவு நல்ல தமிழா, நம்பவே முடியவில்லை, மொழிபெயர்ப்பு மென்பொருளா?" என்கிறார்கள். வீட்டில் எங்களுக்குக் கிரியோல்தான், மறைக்கவில்லை. தமிழை ஆரம்பப் பள்ளியில் பாடமாக எடுத்தேன், அப்புறம் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தொடர்ந்தேன். சென்னையிலிருந்து எழுதுகிறவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நல் வரிசை பற்றியோ ஒப்பீட்டு விதி பற்றியோ சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எபேனிலிருந்து வீடு திரும்பும் மெட்ரோவில் பதில் போடுகிறேன். என் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியே பதில்.