பத்து வருடம் நின்றுபோன பழைய வில்லிஸ் ஜீப்பை அசல் கெடாமல் ஓடவைப்பது எப்படி?

கேள்வி: அப்பா பெயரில் இருக்கும் 1968 மாடல் மஹிந்திரா சிஜே-3பி பெட்ரோல் ஜீப், மேடவாக்கத்தில் வீட்டு ஷெட்டில் பத்து வருடமாக நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. டீசல் எஞ்சின் ஏற்றி, அகல டயர் மாட்டி, புது பாடி வைத்துத் தருகிறோம் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். வண்டியின் பழைய தன்மை கெடாமல் ஓடவைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பட்டறைக்கு முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மாற்றச் சொல்கிற மூன்றும்தான் அந்த வண்டியை அந்த வண்டியாக வைத்திருக்கின்றன.

சிஜே-3பி-யின் போனெட் ஏன் மற்ற பழைய ஜீப்புகளை விட உயரமாக இருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். 1953-இல் வில்லிஸ் நிறுவனம் எஃப்-ஹெட் எனப்படும் 2.2 லிட்டர் எஞ்சினை இந்த மாடலில் வைத்தது. இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். ஹெட் உயர்ந்ததால் போனெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1940-களின் இறுதியிலிருந்தே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி வந்த மஹிந்திரா, இந்த மாடலை இந்தியாவில் பல்லாண்டுகள் தயாரித்தது. அந்த எஞ்சினை இறக்கிவிட்டால் அந்த உயர்ந்த போனெட்டுக்கு அர்த்தமே இல்லை.

சட்டமும் இதே பக்கம்தான். எஞ்சின் மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் மாறும். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோவளம் வரை போய் வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டுகள் தாண்டிய இலகு வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தனி. அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, புதுப்பிக்கப் படிவம் 25. பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

காகித வேலையோடு சேர்த்து, வண்டியில் கை வைக்கும் முன் சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் தேய்த்துப் பதிவெடுங்கள். எஞ்சின் எண் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்புக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் குத்தப்பட்டிருக்கும். சாண்ட் பிளாஸ்டிங் போகும் முன் சேஸி எண் இருக்கும் இடத்தைத் தடித்த ரப்பரும் டேப்பும் வைத்து மூடுங்கள். மணல் அடித்ததில் மங்கிய எண்ணை யாராவது மறுபடி குத்தித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். மறுபடி குத்திய எண் ஆர்டிஓ கண்ணில் திருட்டு வண்டியின் அடையாளம்.

இனி வேலையின் வரிசை. ஓடும் பாகம் முதலில், தகரம் அடுத்து, பெயின்ட் கடைசி. பெயின்ட் முதலில் அடித்த வண்டிகள், எஞ்சினை ஏற்றி இறக்கும்போதே கீறல் விழுந்து, பாதியில் மனம் விட்டுப்போய் ஷெட்டுக்கே திரும்புகின்றன.

பத்து வருடம் நின்ற எஞ்சினை செல்ஃப் அடித்தோ இழுத்தோ சுற்றப் பார்க்காதீர்கள். பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டியிருக்கும்; எக்ஸாஸ்ட் வால்வு கைடில் பிடித்திருக்கும். நான்கு ப்ளக்கையும் கழற்றி, டீசலும் ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சம அளவு கலந்து சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு முன் பம்பர் வழியே ஹேண்டில் போட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். கால் சுற்று வந்தால் போதும். பக்கவாட்டு வால்வு மூடியைக் கழற்றினால் எந்த வால்வு மேலேயே நிற்கிறது என்று கண்ணால் தெரியும். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் இறக்கி அடியில் படிந்த சேற்றை வழித்தெடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் பம்ப் அதை உறிஞ்சினால் பேரிங் போகும்.

ஹெட் கழற்ற நேர்ந்தால் ஒரு விஷயம். இந்த எஞ்சினில் ஒரு ஹெட் போல்ட் கார்புரேட்டருக்கு நேர் கீழே, இன்லெட் துவாரத்துக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரியும் போல்ட்டுகளை மட்டும் கழற்றிவிட்டு, ஹெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கடப்பாரை போட்டு நெம்பி உடைத்தவர்கள் ஏராளம். இன்றைய இளம் மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

சுற்ற ஆரம்பித்தபின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். 120 பிஎஸ்ஐ பக்கம் இருந்து, நான்குக்கும் இடையே வித்தியாசம் 10-க்குள் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தே ஆகவேண்டும் என்றால் போரிங் பட்டறையில் முதல் அளவான 10 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதுமா என்று கேளுங்கள். சிலர் நேரே 30, 40 தௌவுக்குப் போய்விடுவார்கள். அதோடு அந்தப் பிளாக்கின் ஆயுள் முடிந்தது, அசல் எண்ணும் அதோடு போயிற்று. பிளாக்கில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அப்போதே கடினமான இன்சர்ட்டாக மாற்றுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. ஈயப் படிவின் காப்பு இல்லாமல் மென்மையான சீட் தேய்ந்து, வால்வு கீழிறங்க, இடைவெளி மூடிக்கொண்டே போகும். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி இன்லெட்டுக்கு 18 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 16 தௌ. ப்ளக் இடைவெளி 30 தௌ, பாயிண்ட் 20 தௌ. ஃபயரிங் வரிசை 1-3-4-2, டைமிங் 5 டிகிரி முன்னால்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். வண்டி சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்த ரேடியேட்டர். அதன் உள்குழாய்த் தொகுதியைப் (கோர்) பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும்.

பெட்ரோல் விஷயத்தில்தான் இன்று அதிகக் கவனம் தேவை. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதில் இருக்கும் எத்தனால் பழைய ரப்பர் டயஃப்ரமை ஊதவைக்கும், கார்க் கேஸ்கெட்டைக் கரைக்கும், ஈரத்தை இழுத்து கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடலில் வெள்ளைப் பொடி பூக்கவைக்கும். பம்ப் டயஃப்ரம், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக வாங்குங்கள். ஹோஸில் ஆர்9 குறி இருக்கிறதா பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டிவரும். ப்ளக்கின் நிறம் வெள்ளையாக இருந்தால் அதுதான் காரணம். டேங்கின் துருவை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து எடுங்கள். உள்ளே பூசும் மலிவு சீலர் வேண்டாம். எத்தனாலில் உரிந்து ஜெட்டை அடைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

கியர்பாக்ஸும், சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இடையிலுள்ள சீல் போனால் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குப் போகும்; ஒன்று வற்ற, மற்றொன்று வழியும். இரண்டுக்கும் எஸ்ஏஇ 90 ஆயில். ஆனால் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில்தான். கடைக்காரர் கொடுக்கும் ஜிஎல்-5-இல் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்னும். ஆக்சில் ஹவுசிங்குகளுக்கு ஜிஎல்-5 சரி. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முனகல் கேட்டால் நடு ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். அது காலத்துக்கேற்ப முக்கால் அங்குலம், ஒன்றே அரைக்கால் (1⅛), ஒன்றேகால் என்று மூன்று விட்டங்களில் வந்தது. அளந்துகொண்டு புதுப்பேட்டைக்கோ ஜிபி ரோட்டுக்கோ போங்கள். "வில்லிஸ் ஷாஃப்ட்" என்று மட்டும் கேட்டால் கையில் வருவது உங்கள் கேஸுக்குப் பொருந்தாது. பழைய ஃபோர்ஜிங் பாகம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், இன்று வரும் மலிவு வார்ப்புப் பாகத்தை விட அதையே சரிசெய்து போடுவது மேல்.

சக்கரம் கழற்றும்போது நினைவிருக்கட்டும்: இந்த ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்க வீல் நட்டுகளுக்கு இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகி ஸ்டட் முறியும். பின் ஹப் கூம்பு ஷாஃப்டில் இறுகியிருக்கும். நல்ல புல்லர் வேண்டும், சம்மட்டி கூடாது. திரும்ப மாட்டும்போது அந்த நட்டை டார்க் ரெஞ்சில் 21 கிலோகிராம்-மீட்டருக்குக் குறையாமல் இறுக்குங்கள். தளர்வாக விட்டால் ஷாஃப்டையும் ஹப்பையும் பிணைக்கும் சாவித் துண்டு வெட்டுப்பட்டு ஷாஃப்ட் ஹப்புக்குள் வெறுமனே சுற்றும்.

பிரேக்கில் மட்டும் அசல் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. தரைக்கு அடியில் ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் பொருத்தி, பழையதைத் துடைத்து எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். சேஸியில் புது ஓட்டை போடாமல் செய்தால் என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பி மாற்றலாம். வீல் சிலிண்டர்கள் உள்ளே குழிவிழுந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் போட்டு அதே உடலைப் பயன்படுத்தலாம். ஹேண்ட் பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில் பிடிக்கிறது. பிடிக்கவில்லை என்றால் முதலில் அங்குள்ள ஆயில் சீலைப் பாருங்கள், லைனிங் ஆயிலில் நனைந்திருக்கும்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்குப் பவர் ஸ்டீயரிங் மருந்தல்ல. நடுவில் இருக்கும் பெல் கிராங்க் புஷ், டை ராட் முனைகள், கிங் பின் பேரிங் ஆகிய மூன்றும் சரியாக இருந்து, டயர் அசல் 6.00-16 அளவில் இருந்தால் ஒரு கையால் திருப்பலாம். அகல டயர் போட்டால் பாரம் முழுவதும் அந்தச் சிறிய பேரிங்குகளில் இறங்கி, 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் உதற ஆரம்பிக்கும்.

தகர வேலையில் முதலில் தரைக்கு அடியில் தொப்பி வடிவில் ஓடும் பட்டைகளைத் தட்டிப் பாருங்கள். சேறும் ஈரமும் தங்குவது அங்கேதான். பள்ளிக்கரணைப் பக்கத்து வெள்ளம் ஷெட்டுக்குள் வந்திருந்தால் ஆக்சில் ஆயிலும் பால் நிறத்தில் இருக்கும். அழுகிய பகுதியை மட்டும் வெட்டி 18 கேஜ் சிஆர் தகரத்தில் ஒட்டுப் போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகரம் வெல்டிங்கில் புகையும், பிடிப்பும் நிற்காது. புது பாடி கிடைக்கிறது என்பதற்காக அசலைத் தூக்கிப்போட வேண்டாம். ஏழு துளை முன்கிரில், அச்சாகி வந்த எழுத்து, அப்பா காலத்துச் சிறு நெளிவு எதுவும் புது பாடியில் வராது. டிங்கரிங் செய்பவரிடம் எழுத்துக் குழிகளில் பட்டி நிரப்பக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

சாண்ட் பிளாஸ்டிங் சேஸிக்கு மட்டும். மெல்லிய போனெட்டில் அடித்தால் மணல் மோதும் வேகத்தில் அலையாக நெளியும். அதற்கு ரசாயன ரிமூவர். நம் கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் துருப்பூக்கும், ஆகவே பிளாஸ்டிங் முடிந்த அன்றே எபாக்ஸி ப்ரைமர் ஏறிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயின்ட் வேலையே வைக்காதீர்கள். அசல் நிறம் டேஷ்போர்டின் பின்புறமும் தகவல் தட்டுக்கு அடியிலும் மங்காமல் இருக்கும். அங்கிருந்து நிறம் ஒப்பிடுங்கள். மேலே கிளியர் கோட் வேண்டாம், அந்தக் கால வண்டிக்கு அந்தப் பளபளப்பு கிடையாது.

ஒயரிங் முழுக்கப் புதிதாக, பழைய ஓட்டத்திலேயே. ஹெட்லைட்டுக்கு மறைவாக ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் கருகாது. டைனமோ சார்ஜ் கொடுத்தால் அதையே வைத்திருங்கள்.

ஓட ஆரம்பித்தபின் சூடான எஞ்சினில் ஐடிலில் ஆயில் பிரஷர் 6 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. ஓட்டத்தில் 35 வர வேண்டும். ஹெட் இறக்கியிருந்தால், முதல் 50 கிலோமீட்டர் ஓடி முழுக்க ஆறியபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி 9 கிலோகிராம்-மீட்டருக்கு இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அதற்கு அடியில் இருக்கும் அந்த ஒரு போல்ட்டையும் சேர்த்து.