அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நகருக்குள் குடியிருக்கலாமா, புறநகருக்கே போய்விடலாமா?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: ‘வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனதால்தான் அந்த நகரம் பாழாயிற்று என்கிறார்களே, உண்மையா?’ முதல் பாதிக்கு இங்கே ஏற்கெனவே பலர் பதில் எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பல்லவி: பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் புறநகருக்குப் போங்கள். இரண்டாம் பாதியை ஒருவரும் தொடவில்லை. தொட்டால் கையில் ஒட்டும் என்பது அங்கே இருக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அந்த ஊருக்குப் போய் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டரை ஆண்டு நகருக்குள். மீதி முழுவதும் நகரின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்கு வடக்கே, அதாவது புறநகரில். ஆகவே இதைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்கிறேனா, எதிர்க் கூண்டில் நின்று சொல்கிறேனா என்பதை நீங்களே படித்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு நான்கைந்து வயதில் ஒரு குழந்தை இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

1999-ன் கடைசியில் நான் போய் இறங்கியபோது அலுவலகம் நகருக்குள் இருந்தது. பக்கத்திலேயே இருப்போம் என்று நகரின் வடமேற்கு மூலையில் ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனை வாடகைக்கு எடுத்தேன். நம் ஊர்க்காரர் ஒருவர், எனக்கு நான்கு ஆண்டு முன்னால் வந்தவர், கேட்டதும் பதறிவிட்டார். “தம்பி, எட்டு மைலுக்குத் தெற்கே யாராவது வீடு எடுப்பார்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். அந்த அண்ணன் அதுவரை நகருக்குள் எத்தனை முறை போயிருக்கிறார் என்று விசாரித்தேன். கனடாவுக்குப் போகும் சுரங்கப் பாதைக்காக இரண்டு முறை. அதுவும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

கீழ் போர்ஷனில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். கறுப்பினப் பெண்மணி, நகராட்சிச் சுகாதாரத் துறையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. எங்கள் வரிசையில் அவர் வீட்டை ஒட்டி இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோடையில் சனிக்கிழமை காலை ஆனால் புல்வெட்டும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வருவார். முதலில் தன் வீட்டுப் புல். அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் அதற்கடுத்த வீடு. பெட்ரோல் அவர் காசு.

ஆளில்லாத வீட்டுக்கு எதற்கம்மா இத்தனை பாடு என்று ஒரு நாள் கேட்டேன். “புல் முழங்கால் உயரம் வந்துவிட்டால் ஆளில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். முதலில் செப்புக் குழாயைப் பிடுங்கிப்போக ஒருவன் வருவான். அடுத்து நெருப்பு வைக்க ஒருவன் வருவான். அந்தச் சுவருக்கும் என் சுவருக்கும் பத்தடிதான்” என்றார். ஜன்னல்களுக்குப் பழைய திரைச்சீலை மாட்டியிருந்ததும் அவர்தான். பனி விழுந்த காலைகளில் எனக்கும் ஒரு வேலை உண்டு. என் காரைப் பக்கத்து வீட்டு வாசல் பாதையில் ஏற்றி, பின்னால் எடுத்து, மறுபடியும் ஏற்றி இறக்க வேண்டும். பனியில் சக்கரத் தடம் விழுந்தால், இங்கே யாரோ வந்துபோகிறார்கள் என்று தெருவில் போகிறவன் நினைப்பான். இரண்டு குளிர்காலம் இதைச் செய்தேன். அதற்கு வாடகையில் அவர் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

அவர் அந்த வீட்டுக்கு வந்தது 1961-ல். அதற்கு முன் ஹேஸ்டிங்ஸ் தெருப் பக்கம், கறுப்பின மக்களின் கடைகளும் இசை அரங்குகளும் நிறைந்த பாரடைஸ் வேலியில் இருந்திருக்கிறார்கள். அதன் மேல்தான் கிரைஸ்லர் நெடுஞ்சாலையைப் போட்டார்கள். 1956-ன் சட்டப்படி மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தந்தது. வேகமாக வெளியே போக வழி வேண்டியது புறநகர்க்காரனுக்கு. வீட்டை இழந்தது உள்ளே இருந்தவர். வீட்டுக்கார அம்மாள் வடமேற்குக்கு வந்த பிறகு ரியல் எஸ்டேட் தரகர்கள் எதிர்வரிசையில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்கள்: ‘கறுப்பர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், விலை விழுவதற்குள் விற்றுவிடுங்கள்.’ நான்கே ஆண்டில் தெருவில் மிஞ்சிய வெள்ளையர் குடும்பம் இரண்டு.

கணக்குப் போட்டால் 1965. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இப்படி எழுதும்போதெல்லாம் ‘1967-ல் நகரில் நடந்த இனக் கலவரத்துக்குப் பயந்துதான் மக்கள் ஓடினார்கள், வரலாறு தெரியாமல் பேசாதே’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். அய்யா, அந்தக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், அது ஓட்டத்தை வேகப்படுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டம் அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1947-க்கும் 1963-க்கும் இடையில் மட்டும் 1,30,000-க்கும் மேற்பட்ட தொழிற்சாலை வேலைகள் நகரை விட்டுப் போயிருக்கின்றன. ஹட்சன்ஸ் பேரங்காடி 1954-லேயே புறநகரான சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் வணிக வளாகத்தைத் திறந்துவிட்டது. நகர நடுவில் இருந்த அதன் பிரம்மாண்டமான கடையை 1983-ல் மூடி, 1998-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நான் போனபோது அங்கே பார்க்க ஒரு காலி மனைதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நடக்கும் தூரத்தில் ஒரு மதில் சுவர் இருக்கிறது என்று அம்மாள் ஒரு நாள் அழைத்துப் போனார். ஏறத்தாழ ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941-ல் வெள்ளையருக்கென்று வீடு கட்ட வந்த ஒருவருக்கு, பக்கத்தில் கறுப்பின மக்கள் இருக்கிறார்கள் என்பதால் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் கடன் உத்தரவாதம் தர மறுத்தது. அவர் நடுவில் இந்தச் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன், இந்தப் பக்கம் கையை விரித்தார்கள். புறநகர் போனவர்கள் எல்லாம் சொந்த உழைப்பில் போனார்கள் என்று பேசும்போது இந்தச் சுவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். உழைத்தார்கள்தான். அதே வாகனத் தொழிற்சாலையில் அதே ஷிப்ட் உழைத்தவருக்கு அந்தக் கடன் இல்லை.

சரி, என் கதை. 2002-ல் மகளுக்கு ஐந்து வயது. “உங்கள் கொள்கையை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சேர்க்க ஒரு நல்ல பள்ளிக்கூடம் பாருங்கள்” என்றாள் மனைவி. பழியை அவள் மேல் போடப் போவதில்லை. எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஏற்கெனவே ரகசியமாக வீடுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிமாறியதும் அதே காருக்கு, அதே நிறுவனத்தில், இன்சூரன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியது. ஓட்டுகிறவன் நான்தான், போகிற அலுவலகமும் அதேதான். மாறியது முகவரியின் அஞ்சல் எண் ஒன்றுதான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மாள், “பள்ளிக்கூடமா?” என்றார். தலையாட்டினேன். “1961-லிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடம் ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெட்ராய்ட் பள்ளிகளையும் சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துக் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1974-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை அடித்துவிட்டது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் அவற்றை இழுக்க முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு எல்லைக் கோட்டைத் தாண்டி வீடு வாங்கினால் போதும், பிள்ளைக்கு வேறு பள்ளி, வேறு உலகம். முப்பது ஆண்டு கழித்து நானும் அந்தக் கோட்டைத்தான் தாண்டினேன்.

இப்போது உங்கள் கேள்வி. போனதால்தான் பாழாயிற்றா? போகிறவன் தன் வரியை எடுத்துக்கொண்டு போகிறான். தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போவதில்லை. டெட்ராய்ட்டின் பரப்பு 139 சதுர மைல். 1950-ல் அங்கே 18.5 லட்சம் பேர். 2020-ல் 6.39 லட்சம். சாலை நீளம் குறையவில்லை, சாக்கடை நீளம் குறையவில்லை, தெருவிளக்குக் கம்பம் குறையவில்லை, ஓய்வு பெற்றவர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியமும் குறையவில்லை. மூன்று பேர் தூக்கிய பாரத்தை ஒருவர் தூக்குகிறார், அதுவும் மூவரில் இளைத்தவர். அவர் மேல் வரியை ஏற்றுகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். அதைப் பார்த்து அவரும் மூட்டை கட்டுகிறார். 2000-க்கும் 2010-க்கும் இடையில் போன 2.37 லட்சம் பேரில் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. 2013 ஜூலையில் நகரம் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டபோது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. வீட்டுக்கார அம்மாளின் நகராட்சி ஓய்வூதியத்தில் 4.5 சதவீதத்தை வெட்டினார்கள். ஆண்டுதோறும் வரும் உயர்வையும் நிறுத்திவிட்டார்கள்.

ஊழலைச் சொல்ல மாட்டாயா என்று கேட்பவர்களுக்கு: சொல்கிறேன். முன்னாள் மேயர் ஒருவருக்கு 2013-ல் 28 ஆண்டு சிறை விதித்தார்கள், நியாயம். ஆனால் ஓர் ஊரின் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களை ஒரு மேயர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

என் கையிலும் ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? டெட்ராய்ட்டுக்கு நகர வருமான வரி உண்டு. நகரவாசிக்கு 2.4 சதவீதம், வெளியே குடியிருந்து உள்ளே வந்து வேலை செய்பவனுக்கு 1.2. நகரத்துக்குள் வேலை செய்த நாட்களுக்குத்தான் அந்த 1.2. கொரோனா காலத்தில் புறநகர் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தோம். வரிக்கணக்கு பார்ப்பவர், “சார், அந்த நாட்களுக்குப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம்” என்றார். கேட்டேன். ஆயிரத்துச் சொச்சம் டாலர் வந்தது. சட்டப்படி என் பணம். ஆனாலும் எந்தத் தெருவின் விளக்கிலிருந்து அது வந்தது என்ற நினைப்பு வராமல் இல்லை. திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். அந்த வருடம் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது.

பஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் புறநகர் நெடுங்காலம் பஸ் வரி வேண்டாம் என்று விலகியிருந்தது. அப்படி விலகிய ஊர்களுக்குள் அப்போது பஸ் வராது. வேலைகள் வடக்கே, கார் இல்லாதவர்கள் தெற்கே. 2015-ல் ஒருவர் வேலைக்குப் போய் வரத் தினமும் 21 மைல் நடக்கிறார் என்று செய்தித்தாளில் வந்தது. நாடே உருகி, அவருக்குக் கார் வாங்கிக் கொடுத்தது. பஸ் விடவில்லை. அதற்கடுத்த ஆண்டே வட்டாரப் பஸ் வரிக்கு வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் தோற்றது. எங்கள் புறநகர் இருக்கும் ஓக்லண்ட் கவுன்டி முழுவதற்குமான பஸ் வரி 2022-ல்தான் நிறைவேறியது. நான் ஆதரித்துத்தான் வாக்களித்தேன், இதையாவது நம்புங்கள்.

புறநகர் போய்த்தான் என்ன சுகத்தைக் கண்டேன்? எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து சென்ற மாதம்கூட ஒரு கடிதம். புல் ஆறு அங்குலம் தாண்டிவிட்டதாம். மஞ்சள் பூ பூக்கும் களை நான்கு இடத்தில் தெரிகிறதாம், புகைப்படம் வைத்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து கண்ணில் படுகிறதாம். பத்து நாளில் சரி செய்யாவிட்டால் அபராதம். இதற்கு ஆண்டுச் சந்தா வேறு வாங்குகிறார்கள். தபால் பெட்டிக் கம்பத்துக்கு அடிக்கும் கறுப்பு வண்ணம் சரியான கறுப்பு அல்ல என்று மூன்று ஆண்டு முன்னால் எழுதிய அதே மனிதர்தான். அவர் தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அது தனிக் கதை, விடுங்கள்.

2014-க்குப் பிறகு காலி வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். அம்மாள் பதினைந்து ஆண்டுக்கு மேல் புல் வெட்டிக் காப்பாற்றிய பக்கத்து வீடும் அதில் போயிற்று. நெருப்புக்குத் தப்பி, புல்டோசருக்குப் போனது. பக்கத்து மனையை நூறு டாலருக்குத் தருகிறார்கள் என்று வாங்கிக்கொண்டு, அதிலும் புல் வெட்டினார். அந்தத் தெருவில் புது எல்.இ.டி. விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2016 முடிவதற்குள் நகர் முழுவதும் 65,000 விளக்குகளை மாற்றியிருந்தார்கள். நகரின் மக்கள்தொகை 1957-க்குப் பிறகு முதன்முறையாக ஏறியது என்று 2023-க்கான மதிப்பீடு வந்தபோது அவர் இல்லை.

வீட்டில் இப்போது அவர் பேத்தி இருக்கிறாள். போன வாரம் பேசினேன். மேல் போர்ஷன் மூன்று மாதமாகக் காலியாம். எங்கே குடியிருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. பார்க்க விரும்பினால் தனிச் செய்தியில் எழுதுங்கள், சொல்லி வைக்கிறேன். குளிருக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது என்கிறாள். இரண்டாவது காலி வீடு இன்னும் நிற்கிறது. பனி விழுந்த காலையில் அங்கே காரை ஏற்றி இறக்க ஆள் வேண்டுமாம்.