சர்வர் அமெரிக்காவில், ஆள் வேலூரில்: எந்த நாட்டுச் சட்டம் என்னைப் பிடிக்கும்?

நீங்கள் கேட்டது இது: வேலூரில் இருந்துகொண்டு அமெரிக்க சர்வரில் வெப்சைட் நடத்துகிறேன், வெளிநாட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள், எந்த நாட்டுச் சட்டம் எனக்குப் பொருந்தும்?

நான் வக்கீல் இல்லை. காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுப்பவன். வருபவர்களில் பாதிப் பேர் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் என்பதால் இந்த விவகாரம் என் தலையில் நேராகவே வந்து விழுந்தது.

ஆம்பூரில் ஒரு பாய், சொந்த சைட்டில் பெல்ட்டும் பர்ஸும் விற்கிறார். ஒரு நாள் காலையிலேயே போன். "தம்பி, ஜெர்மனிலேருந்து ஒரு அம்மா மெயில் போட்டிருக்காங்க, என்னமோ அழிக்கணுமாம், வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். நாலே வரி. எப்போதோ ஒரு பெல்ட் வாங்கியவர். என்னைப் பற்றி என்னென்ன விவரம் வைத்திருக்கிறீர்களோ அதை அனுப்புங்கள், பிறகு அழித்துவிடுங்கள், ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும் என்று எழுதி, கீழே ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் பிரிவு 15, 17 என்று எண்ணும் போட்டிருந்தார். பாய்க்குச் சிரிப்பு. "அங்க போட்ட சட்டம் பேரணாம்பட்டு ரோடு வரைக்குமா வரும்?"

பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருடைய தகப்பனார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏன் வராது? பிசிபிக்கு வரலையா?"

எனக்கு அப்போது அது புரியவில்லை, அவர்தான் விளக்கினார். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து பிசிபி. 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. 1994-ல் சில வகை அசோ சாயங்களுக்கும் தடை போட்டது. இரண்டுமே ஜெர்மனி தன் ஊருக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பாலாற்றங்கரைக்கு ஜெர்மன் போலீஸ் ஒருவர்கூட வந்து யாரையும் அதட்டவில்லை. ஆனால் டேனரி டிரம்மில் விழும் மருந்தும் சாயமும் மாறின. மாறாவிட்டால் சரக்கு அங்கே லேப் டெஸ்ட்டில் தேறாது, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சட்டம் உங்கள் மேல் உரிமை கொண்டாடுகிறதா என்பது ஒரு கேள்வி. அது உங்கள் சட்டையைப் பிடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், இல்லாவிட்டால் அலட்சியமாக இருக்கிறார்கள்.

முதல் கேள்வியில் சர்வர் எங்கே இருக்கிறது என்பதற்கு நீங்கள் நினைக்கிற அளவு முக்கியத்துவம் கிடையாது. ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ தர முன்வந்தாலே போதும், கடை எந்த ஊரில் இருந்தாலும் அது பொருந்தும் என்கிறது. உங்கள் சைட் அங்கே திறந்து பார்க்கக் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. அவர்களுடைய பணத்தில் விலை, அவர்களுடைய மொழி என்று அவர்களைக் குறிவைத்ததற்கு அடையாளம் வேண்டும். பாயின் சைட்டில் விலையை யூரோவில் காட்ட ஒரு பட்டன் இருந்தது. போட்டுக் கொடுத்தவன் நான்தான், அதற்குத் தனியாக இரண்டாயிரம் வேறு வாங்கியிருந்தேன்.

நம் நாடும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2023-ல் வந்த நம்முடைய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் இருப்பவர்களுக்கு விற்கிற வெளிநாட்டுக் கம்பெனியையும் உள்ளே இழுக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 75-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இங்குள்ள கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ தொட்டுக் குற்றம் செய்தால் செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் விடாது. அவதூறு என்றால் அடி விழுந்த இடம் கணக்கு. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் தொழிலதிபர் ஜோசப் குட்னிக், தன்னைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக அமெரிக்கச் செய்தி நிறுவனமான டவ் ஜோன்ஸ் மேல் வழக்குப் போட்டார். கட்டுரை இருந்த சர்வர் நியூ ஜெர்சியில், ஆனால் படிக்கப்பட்டதும் பெயர் கெட்டதும் ஆஸ்திரேலியாவில் என்பதால் அங்கேயே வழக்கு நடத்தலாம் என்று 2002-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் டாட் காம் என்று முடியும் சைட் பெயர். அதை நிர்வகிக்கும் வெரிசைன் அமெரிக்கக் கம்பெனி. 2012-ல் போடாக் என்ற சூதாட்ட சைட்டின் டாட் காம் பெயரை, கனடாவில் பதிவு செய்யப்பட்டிருந்தும், அமெரிக்க அரசு வெரிசைன் வழியாகவே பறிமுதல் செய்தது. சர்வரை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வி, பிடிப்பது. ஜிடிபிஆர் அபராதம் கம்பெனியின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை அல்லது 2 கோடி யூரோ வரை, எது அதிகமோ அது. கேட்டதும் பாய் தண்ணீர் குடித்தார். ஆனால் அந்த அபராத உத்தரவை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து திருப்பத்தூர் கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவுப்படி, அரசு அறிவித்த நாடுகளின் தீர்ப்புக்குத்தான் அந்த வழி. ஜெர்மனி அதில் இல்லை, அபராதம் என்றால் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அதற்குள் வராது. பிடி வேறு இடத்தில் இருக்கிறது: பணம் வாங்கித் தரும் கம்பெனி கணக்கை முடக்கலாம், அங்குள்ள மொத்த வியாபாரி ஒதுங்கிக்கொள்ளலாம். பிசிபி கதைதான்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். சத்துவாச்சாரியில் என் பெரியம்மா போலி டிரேடிங் ஆப்பில் பணம் விட்டார்கள். போன் வந்தது வெளிநாட்டு எண்ணிலிருந்து. 75-ஆம் பிரிவு அந்த ஆளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஆள் எங்கே என்று யாருக்குத் தெரியும். கொஞ்சமாவது பணம் திரும்பியது 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அடித்ததால், அதுவும் இங்குள்ள வங்கிக் கணக்கிலேயே நின்றிருந்த தொகை மட்டும்.

சரி, ஜெர்மன் அம்மா விஷயம். தேடிப் பார்த்தால் அவருடைய முகவரி எக்செல்லில், மெயிலில், பேக்கிங் பையனின் வாட்ஸப்பில் போட்டோவாக என்று மூன்று இடத்தில் கிடந்தது. எல்லாவற்றையும் அழித்தோம், பில்லைத் தவிர. பில்லை ஆறு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நம் ஜிஎஸ்டி சட்டம். சட்டப்படி வைத்தே ஆக வேண்டியதை அழிக்க வேண்டாம் என்று ஜிடிபிஆரிலும் விலக்கு உண்டு, ஆனால் அது ஐரோப்பியச் சட்டம் சொல்லும் கடமைக்குத்தான். ஆக, ஒரே பில்லுக்கு இரண்டு எஜமானர்கள். வேறு வழியில்லாமல் இருப்பதை அப்படியே எழுதினோம்: பில்லை மட்டும் இந்த நாட்டுச் சட்டத்துக்காக வைத்திருக்கிறோம், வேறு எதற்கும் தொடமாட்டோம். "நன்றி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

பாய் இப்போது அந்த யூரோ பட்டனை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். பட்டனை எடுத்தால் போதாது, ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்புவதையும் நிறுத்தணும் என்றேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் முடியட்டும் என்றார்.