கைவிரித்த டாக்டர்

கேள்வி: 'எக்ஸ்ட்ரீமிஸ்' ஆவணப்படம் பார்த்தேன். அமெரிக்காவிலேயே டாக்டர்கள் இப்படிக் கைவிரித்துவிட்டால் நம் கதி என்ன?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: 'கைவிரித்துவிட்டால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. நம் சினிமா டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார், 'இனி எங்க கையில எதுவும் இல்லை' என்பார், போய்விடுவார். அதே சினிமாதான் மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது நெஞ்சில் ஷாக் கொடுத்து ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. ஐயா, நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது! தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது. அடியோடு நின்றுபோனால் நெஞ்சை அழுத்த வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும். வயதானவர்களுக்கு அந்த அழுத்தத்தில் விலா எலும்பே முறியும். இதைத் தெரியாமல்தான் ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு 'எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்' என்கிறோம்.

சரி, படம். 2016இல் டான் க்ராஸ் எடுத்தது, 24 நிமிடம். கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரத்து ஹைலேண்ட் மருத்துவமனை. அங்கே ஜெசிகா ஜிட்டர் என்ற டாக்டர் தீவிர சிகிச்சையும் தெரிந்தவர், வலி தணிக்கும் சிகிச்சையும் தெரிந்தவர். கழுத்தில் துளையிட்டு மாதக்கணக்கில் வென்டிலேட்டரிலேயே வைத்திருப்பதா, குழாயை எடுத்துவிடுவதா என்று குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுகிறார். குழாயை எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மார்ஃபின் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கைவிரிப்பதா?

நம் கதியைக் கேட்டீர்கள். 'தேறும் வாய்ப்பு இல்லையென்றால் எனக்கு இந்தக் குழாய்கள் வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும்.

என் பெரியப்பா கடைசிப் பதினோரு நாள் குழாயோடு கிடந்தார். அவர் விருப்பம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நன்றாக இருந்த காலத்தில் யாரும் கேட்டதில்லை, நானும்தான். அப்புறம் நான் எழுதி, ஒரு நகலை மகளிடம் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.