உரைமருந்தில் குழைத்த ஒரு துளித் தேன்

கேள்வி: என் பேத்திக்கு மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். வயிறு உப்பியிருக்கிறதே என்று வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து, ஒரு துளி மலைத்தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. இப்போது மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை. விக்கல், தும்மல், வாயில் ஓயாத எச்சில். தேனில் உள்ள கிருமி ‘ஸ்நாப்-25’ என்ற புரதத்தை வெட்டிவிடும், மூளை வளராது, வலிப்பு வரும் என்று கைபேசியில் படித்த மருமகள் என்னோடு பேசுவதில்லை. குழந்தையையும் என் மடியில் தருவதில்லை. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? அந்தப் புரதத்துக்கு ரத்தப் பரிசோதனை உண்டா?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் வெற்றிலைக் காம்பைக் கீழே வையுங்கள். விளக்கெண்ணெய்ப் புட்டியையும் மூடிவிடுங்கள். மூன்றரை மாதக் குழந்தையின் ஆசனவாய்க்குள் காம்பைச் செருகிப் புண்ணாக்கிக் கொண்டுவருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன் அல்லவா? மலத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பால் எப்படிக் குடிக்கிறாள், எப்படி அழுகிறாள் என்று இரண்டே கேள்விதான் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லும் முன்பே பின்னாலிருந்து வீலென்று ஓர் அழுகை. கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். உரைமருந்தைத் தேனில் குழைக்கும் பாட்டி நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே.

நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று கடிதம் முழுக்க இருக்கிறது: என் கையாலேயே நஞ்சு ஊட்டிவிட்டேனா? அநேகமாக இல்லை. தேன் தொட்டு வைக்கப்பட்ட குழந்தைகளில் மிக மிகச் சிலருக்குத்தான் ‘குழந்தைப் பொட்டுலிசம்’ என்ற இந்த நோய் வருகிறது. ஆனால் மருமகள் படித்ததில் பாதி சரி. அந்தப் பாதியை உங்களுக்காக மழுப்ப மாட்டேன்.

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் சில தேன்களில் இருக்கும். பெரியவர்களின் குடலில் குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயதுக்குள், அதிலும் முதல் ஆறு மாதத்தில், அந்தக் காவல் இன்னும் பலப்படவில்லை. வித்து குடலில் முளைத்து, அங்கேயே நஞ்சைச் சுரக்கும். கலிபோர்னியாவில் 1976-இல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். தேனே தொடாத குழந்தைகளுக்கும், வெறும் மண், தூசி வழியாக இது வருவதுண்டு.

இனி அந்த ஸ்நாப்-25. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் அடைபட்டிருக்கும். பை நரம்பின் சுவரோடு ஒட்டி உடைந்தால்தான் அது வெளியே கொட்டும், தசை அசையும். ஒட்டவைப்பது ஒரு நாலுபுரிக் கயிறு. பையின் பக்கமிருந்து ஒரு புரி, சுவரின் பக்கமிருந்து மூன்று. அந்த மூன்றில் இரண்டைத் தருவது ஸ்நாப்-25. கயிறு முறுக்கேற ஏற, பை சுவரை நோக்கி இழுபடும். அமினோ அமிலங்கள் என்ற 206 கண்ணிகள் கோத்த இந்தப் புரதத்தின் வாலில் ஒன்பதை மட்டும் நறுக்கிவிடுகிறது இந்த நஞ்சின் ‘ஏ’ வகை. ஒன்பதுதான். ஆனால் முறுக்கு அதோடு நின்றுவிடும். பை நிறைய அசிட்டைல்கோலின் இருந்தும் தசைக்குச் சொட்டும் போய்ச் சேராது. ‘பி’ வகை நஞ்சு ஸ்நாப்-25-ஐத் தொடாது; பையின் பக்கத்துப் புரியை வெட்டும். விளைவு ஒன்றுதான். (முகச் சுருக்கம் போக்கப் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் இதே ‘ஏ’ வகைதான், அளந்து, குறித்த தசையில் மட்டும்.)

ஆகவே இது தசை தளரும் நோய். நஞ்சு மூளையைத் தாக்குவதில்லை. வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு என்று மருமகள் படித்தது முற்றிலும் வேறு கதை: அந்தப் புரதத்துக்கான மரபணுவிலேயே பிறவியில் பிழையோடு பிறக்கும் வெகு சில குழந்தைகளைப் பற்றியது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்ததும் இரண்டையும் முடிச்சுப் போட்டு உங்கள் வீட்டில் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது கைபேசி. ரத்தத்தில் ஸ்நாப்-25 பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மருத்துவமனையில் மலத்தைத்தான் சோதிப்பார்கள்.

விக்கல், தும்மல், எச்சில் மூன்றும் இந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. விட்டுவிடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஐந்தாறு நாள், சில சமயம் ஒரு வாரம்கூட மலம் கழிக்காமல் இருக்கும். பிறகு இளகலாகப் போகும். மலச்சிக்கல் இந்த நோயின் முதல் அறிகுறியாக வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் தனியாக இருக்கும்போது நான் பயப்படுவதில்லை.

நான் பயப்படுவது, அதோடு உறிஞ்சும் வலு குறையும்போது. தளர்ச்சி முகத்தில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கும். அடுத்த முறை பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாடையைப் பாருங்கள். நன்றாகக் குடிக்கும் குழந்தையின் தாடை கீழே இறங்கி, ஒரு கணம் நின்று, விழுங்கும் சத்தம் கேட்கும். தளரும் குழந்தை நாலு முறை சப்பிவிட்டு வாயில் காம்போடு சும்மா இருக்கும். கடைவாயில் பால் வழியும். மருமகள் ‘பால் கட்டுகிறது’ என்று சொன்னால் அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள். குழந்தை இழுக்கும் வலு குறைந்ததை முதலில் அறிவது தாயின் மார்புதான். பிறகு அழுகை பூனைக்குட்டி முனகுவது போல் மெலியும். இமை பாதி மூடிக் கிடக்கும். சிரிக்கிற முகம் வெறிச்சென்று ஆகும். நின்றிருந்த கழுத்து தொங்கும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ‘பிள்ளை இப்போது சமர்த்தாகத் தூங்குகிறது’ என்று இரண்டு நாளை வீணாக்கிவிடுகிறார்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இரவே, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சுத் தசை தளர்ந்தால் நேரம் மிக முக்கியம். விழுங்கத் திணறும் குழந்தைக்கு வழியில் பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள். நரம்பு நுனி புதிதாகத் துளிர்த்துத் தசையோடு சேர்ந்துகொள்ளும். வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும்; அதுவரை மூச்சையும் உணவையும் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுகின்றன.

வித்து உள்ளே போனால் நோய் வெளிப்படப் பொதுவாக மூன்று முதல் முப்பது நாள். நீங்கள் எழுதியது பன்னிரண்டாம் நாள். எனவே அன்றிலிருந்து இன்னும் பதினெட்டு நாள் இந்தக் கண்காணிப்பு. நடுவில் ஒருநாள் குழந்தையை உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். தொலைபேசியில் கேட்ட அழுகையை வைத்து நான் சான்றிதழ் எழுத முடியாது.

‘கலப்படமில்லாத மலைத்தேன்’ என்று இரண்டு முறை சொன்னீர்கள். வித்துக்குக் கலப்படம் தெரியாது. காய்ச்சினாலும் சாகாது, கொதிக்கும் நீரைத் தாங்கும் உறை அதற்கு உண்டு. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம், சேனை வைப்பதற்கும் வேண்டாம். உரைகல்லையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒருவேளை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், தேன் கொடுத்ததை மறைக்காதீர்கள். சோர்ந்து கிடக்கும் கைக்குழந்தையைப் பார்த்தால் ரத்தத்தில் கிருமித் தொற்று என்று நினைத்து ஜென்டாமைசின் ஊசி தொடங்குவது எங்கள் வழக்கம். இந்த நோயில் அந்த ஊசி தசைத் தளர்ச்சியை இன்னும் கூட்டிவிடும். தேன் என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் பணியில் இருக்கும் மருத்துவர் கையை நிறுத்தி யோசிப்பார். மருமகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.